செட்டில் ஆயிட்டியா?

1

லீட்ஸில் காலையிலிருந்து பனி விழுகிறது. அவசரமே இல்லாத பனி. கீழே வருவதா, மேலேயே இருந்துவிடுவதா என்று யோசித்து யோசித்து விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஆள் அரவம் இல்லை. ஆனால் எதிர்வரிசையில் எல்லா ஜன்னலிலும் ஒரு முகம் தெரிகிறது. பனி பெய்தால் இந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "செட்டில் ஆகுதா?"

விழுந்த பனி கரைந்து ஓடாமல் தரையில் அப்படியே தங்கினால், அது செட்டில் ஆகிறது என்பார்கள். தங்கிவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கும் வேலை இல்லை. நான் ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். பிள்ளைகள் வராவிட்டால் அவித்த உருளைக்கிழங்கை யாருக்காக மசிப்பது?

குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்து வைக்கப் போனபோது பக்கத்து வீட்டு ஜீன் அம்மா கதவைத் திறந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். எண்பதைத் தாண்டியவர். மழைக்கும் பனிக்கும் எங்கள் தெருவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. "இது செட்டில் ஆகாது, ரோசி" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "உன் மகள் அங்கே செட்டில் ஆகிவிட்டாளா?" என்று கேட்டார். ஆகிவிட்டாள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் ஒரே மகள் எலோடி புதுச்சேரியில் இருக்கிறாள். போன மே மாதம் கல்யாணமாகி, ரெட்டியார்பாளையத்தில் புகுந்த வீட்டில் குடித்தனம். ஞாயிறுதோறும் அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுவாள். எங்களுக்கு அப்போது காலை ஒன்பது மணி. அந்த ஒன்பது மணிக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். அந்த ஒன்பது மணியை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. எந்தத் தாயும் மகளிடம் போகிற போக்கில் சொல்லிவிடுகிற ஒரு வார்த்தையை நான் சொல்லக்கூடாது. "வந்துடு" என்ற வார்த்தை. சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். பனியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் புத்தி அந்த செட்டில் என்ற சொல்லின் பின்னாலேயே போகிறது. போகட்டும், மணி இன்னும் எட்டுகூட ஆகவில்லை.

2

புதுச்சேரியில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. பால்காரர் முதல் மாதா கோயில் பங்குச் சாமியார் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். பையனுக்கு வேலை கிடைத்தால் கால்வாசி செட்டில். கல்யாணம் முடிந்தால் பாதி. சாரம் பகுதியில் மனை வாங்கி மாடி எடுத்துவிட்டால் முக்கால். பிரான்சுக்குப் போய்விட்டால் முழுக்க செட்டில், அதற்கு மேல் அவனைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அப்பா மகள் பேருக்கு வீட்டை எழுதி வைத்தால் அதுவும் செட்டில்மெண்ட். சேதராப்பட்டு கம்பெனியில் வேலையை விட்டு நிற்கும்போது கையில் கொடுத்து அனுப்புவதும் செட்டில்மெண்ட். அண்ணன் தம்பி சண்டையைப் பெரியவர்கள் உட்கார்ந்து முடித்து வைத்தாலும் அதே பெயர்தான். இத்தனைக்கும் தமிழில் குடியேறுவதற்கு ஒரு சொல், உட்காருவதற்கு ஒரு சொல், கலங்கிய தண்ணீர் தெளிவதற்கு ஒரு சொல், வழக்குத் தீருவதற்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். இருந்தும் எல்லாவற்றையும் அள்ளி இந்த ஒரு பையில் போட்டுக்கொண்டோம்.

நம் புதுச்சேரிக்கென்று இன்னொரு சொல்லும் உண்டு. நேஷனாலிட்டி. வெளியூர்க்காரர்களுக்கு அது ஏதோ பொதுவான சொல். நமக்கு நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டி மட்டும்தான். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போன காலத்தில் சில குடும்பங்கள் அந்தக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டன. அதன்பின் அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணச் சந்தையில் இருந்த மவுசைச் சொல்லி மாளாது. "பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு" என்று தரகர் சொல்லிவிட்டால், பிறகு உயரத்தையோ நிறத்தையோ யாரும் கேட்பதில்லை.

எனக்கு வந்த பையன் கில்பேர். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சியோன் வாங்கியவர். என் அப்பா ரெட்டியார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று கில்பேர் ஒரு பேச்சும் பேசவில்லை, டீயைக் குடித்துவிட்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே நான் பாரிசுக்குப் போய் இறங்கிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு முதலில் பிடித்தது பாரிஸ்தான். கில்பேரைப் பிடித்தது பிறகு, அந்த ஊரின் முதல் குளிரில் காய்ச்சலாகக் கிடந்தபோது அவர் வைத்த கண்றாவியான மிளகு ரசத்தைக் குடித்த நாளில்.

எங்கள் தெருவில் என்னைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது. ரோசி செட்டில் ஆயிட்டா.

3

பாரிஸ் என்றால் பாரிஸ் இல்லை. அதற்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற அடுக்குமாடிகள். ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிரே இன்னோர் ஏழாவது மாடி தெரியும். எலோடி அங்கேதான் பிறந்தாள். பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று கில்பேருக்கு ஓர் எண்ணம் வந்தது. அப்போதெல்லாம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் யாரையும் கேட்காமல் இங்கிலாந்துக்குள் வரலாம். நம் ஊர்க்காரர்கள் பலர் அப்படித்தான் பெட்டியைக் கட்டினார்கள், நாங்களும் கட்டினோம். கில்பேருக்கு லீட்ஸில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது.

எனக்கு ஊரில் படித்த இங்கிலீஷ் மறந்து, அதன் மேல் பிரெஞ்சு ஏறியிருந்தது. பிரெஞ்சில் "தெமாந்தே" என்றால் சும்மா கேட்பது. அதை அப்படியே இங்கிலீஷாக்கி, எலோடிக்கு இடம் கேட்கப் போன பள்ளியில் தலைமையாசிரியையிடம், "என் மகளுக்கு இடம் டிமாண்ட் பண்ணுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். இடம் கிடைத்தது. பயந்து கொடுத்தாரா, இரக்கப்பட்டுக் கொடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு இந்த நாடு ஐரோப்பாவோடு முறித்துக்கொண்டது. இத்தனை வருடம் இருந்தவர்கள் எல்லாம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். அந்த அனுமதியின் பெயரே செட்டில்டு ஸ்டேட்டஸ். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, அதில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னது அதற்கான செயலி. திரை சிவப்பாகவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னியது. சிரிக்கக்கூடாது, கண்ணாடி போடக்கூடாது, நிழல் விழக்கூடாது. நான் பாத்ரூம் விளக்கின் கீழ் நின்று, சமையலறை விளக்கின் கீழ் நின்று, கடைசியில் தோட்டத்தில் துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் நின்றபோது அது என்னை ஏற்றுக்கொண்டது. சில வாரம் கழித்து, நீங்கள் செட்டில் ஆகிவிட்டீர்கள் என்று ஒரு மின்னஞ்சல். கில்பேரிடம் காட்டினேன். "ஊர்ல இருபது வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களே, இவங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றார்.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்திலும் தினம் இந்தச் சொல் கேட்கும். பிள்ளைகள் கூச்சல் போட்டால் ஆசிரியர் கையைத் தூக்கி, "செட்டில் டவுன்" என்பார். அத்தனை வாயும் மெல்ல மெல்ல அடங்கும். அந்த ஒரு நிமிட அமைதியில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அப்போது ஏனோ புதுச்சேரிக் கடற்கரை நினைவுக்கு வரும். பாறைகளில் அலை அடித்துவிட்டுத் திரும்புகிற இடைவெளி வரும். கையில் கரண்டியோடு அங்கே போய் நிற்பேன். "ரோசி, பட்டாணி!" என்று யாராவது கத்தினால்தான் திரும்பி வருவேன்.

4

படிப்பு முடிந்ததும் எலோடி, ஆறு மாதம் புதுச்சேரியில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சாரத்தில் என் அக்கா பிலோமினா வீட்டில் தங்கல், சிறுபிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வேலை. அவள் போன புதிதில் வீடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு சனிக்கிழமை நானும் கில்பேரும் எங்காவது போகலாம் என்று ரயில் நிலையத்துக்குப் போனோம். பலகையில் ஓடிய ஊர்ப் பெயர்களில் ஒன்று செட்டில். நிஜமாகவே அப்படி ஓர் ஊர் இருக்கிறது. லீட்ஸிலிருந்து ஒரு மணி நேரம். இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டோம்.

சின்ன ஊர். சுற்றிலும் பச்சை மேடுகள், கல் அடுக்கிய வேலிகள், நனைந்த ஆடுகள். எல்லாவற்றின் மீதும் தூறல் புகை போலப் படிந்திருந்தது. ஊரே தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி இருந்தது. மழைக்கு ஒதுங்கிய பழைய சத்திரத்தில் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. முதுகு உயரம், இரண்டு பக்கமும் கை வைக்கப் பலகை, அடியில் சாமான் வைக்கப் பெட்டி. சூப் கொண்டுவந்த பெண், இதற்குப் பெயரே செட்டில் என்றாள். கில்பேர் அதில் சாய்ந்து காலை நீட்டி, "ஆச்சு ரோசி, இப்பதான் செட்டில் ஆனேன்" என்றார். அடுத்த நிமிடம் தூங்கியும் போனார்.

திரும்பி வந்ததும் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இது ஒரு கிறுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய இங்கிலீஷில் "செட்ல்" என்றால் இருக்கை. உட்காருமிடம், தங்குமிடம். சூரியன் மறைவதை அந்தக் காலத்தில் "செட்ல்கங்" என்பார்களாம், தன் இருக்கைக்குப் போதல். இன்னொன்றும் போட்டிருந்தது. சமாதானம் செய்துகொள்வதற்கு வேறொரு பழைய சொல் இருந்ததாம். இரண்டும் ஒலியில் நெருங்கி நெருங்கி, நாளடைவில் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டனவாம். வழக்கு செட்டில் ஆவதெல்லாம் அந்த வழியில் வந்தது. உட்காருவதும் சமாதானமாவதும் ஒரே சொல்லாகிப் போனது எனக்குப் பிடித்திருந்தது. 

நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுந்து வரும். உட்காரப் போவது மேற்கே, ரெட்டியார்பாளையத்துக்கும் அப்பால், விழுப்புரம் ரோடு போகிற திசையில். சாயங்காலம் கடற்கரையில் அத்தனை பேர் கூடுகிறோம், எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். இங்கிலீஷ் சரித்திரப் புத்தகங்களில் நம் ஊருக்குப் பெயரே பிரெஞ்சு செட்டில்மெண்ட். செட்டில்மெண்டில் பிறந்தவர்கள்தான் செட்டில் ஆவதற்கு ஊர் ஊராக அலைகிறோம். அன்று நூலகம் மூடுகிற மணி அடிக்கும்வரை அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

5

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. எலோடியின் தமிழ் மாறிவிட்டது. லீட்ஸில் வளர்ந்தபோது தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னவள், இப்போது போனை எடுத்ததும் "இன்னாம்மா" என்கிறாள். பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தமிழுக்குள் போய்த் திரும்பி வராததால் தவித்தது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஓர் அக்டோபர் மாலை பிலோ அக்கா கூப்பிட்டாள்.

"ரோசி, உக்காந்துகினு இருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன், சொல்லு."

"ஒம் பொண்ணு ஒரு பையன பாத்துட்டா. பிரவீன்னு பேரு. நம்ம கோயில் ஆளுங்கதான். சேதராப்பட்டு கம்பெனில மிஷின் ரிப்பேர் பாக்கறான். வூடு ரெட்டியார்பாளையம். அப்பா இல்ல, அம்மா செசிலி தையல் தெக்கறாங்க."

"நேஷனாலிட்டி?"

"அதான் இல்ல. அதுக்குத்தான் வலை போட்டிருப்பான், வேற எதுக்கு? எத்தினி கத பாத்துட்டோம்."

அக்கா சொன்னதையே நானும் நினைத்தேன். என் கல்யாணம் எதற்காக நடந்தது என்பது வசதியாக மறந்துபோயிற்று. எலோடியிடம் கேட்டேன். "அவன் எங்கயும் வர மாட்டானாம்மா. நானும் இங்கதான் இருக்கப் போறேன்" என்றாள். சின்னப் பெண், தெரியாமல் பேசுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. வெளியே போகாமலிருக்க ஒருவன் ஆசைப்படுவான் என்பதை நம் ஊரில் யார் நம்புவார்கள்? கோபமும் வந்தது. இவள் நன்றாக இருக்கட்டும் என்றுதானே இரண்டு நாடு மாறினோம். அவள் ஒரு விமான டிக்கெட்டில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டாளே என்று கில்பேரிடம் கத்தினேன். அவர் பாவம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

நவம்பரில் இருவரும் புதுச்சேரிக்குப் போனோம்.

6

செசிலி அம்மாவின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னறையில் தையல் மெஷின், அதன் மேல் வெட்டி வைத்த ஜாக்கெட் துணிகள், சுவரில் இருதய ஆண்டவர் படம். நாங்கள் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு போயிருந்தோம். செசிலி அம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மெலிந்த உடம்பு. டீ கொடுத்துவிட்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் மட்டும் மகனை விட்டு அகலவில்லை. பையன் நல்ல பையன் என்று பார்த்ததும் தெரிந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கோயில், தேதி, விருந்து எல்லாம் பேசினோம். இந்த மாதிரிப் பேச்சில் நேஷனாலிட்டி உள்ள வீட்டார் அதைக் கடைசியில்தான் எடுத்து வைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின்னால் பாயசம் வருகிற மாதிரி. அதைக் கேட்டதும் எதிர்த்தரப்பில் முகங்கள் மலரும், பேச்சு முடியும். நானும் முறை தவறாமல் அப்படியே செய்தேன்.

"கல்யாணம் முடிஞ்ச கையோட தம்பிக்குப் பேப்பர் போட்டுடறோம்க்கா. நேஷனாலிட்டி வந்துடும். அப்பறம் ஒங்களுக்குக் கவலையே இல்ல. புள்ள செட்டில் ஆயிடுவாரு."

யார் முகமும் மலரவில்லை. செசிலி அம்மா எழுந்து வந்து, தட்டை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்கம்மா. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா வேணாம்."

"ம்மா, நான்தான் எங்கயும் போவலன்னு சொல்லிட்டேன்ல" என்றான் பிரவீன்.

"நீ சொல்லுவ. லாரன்சும்தான் சொன்னான்." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "பெரியவன். கட்டுனது நேஷனாலிட்டி பொண்ணு. இதே ரூம்புல உக்காந்துதான் பேசினாங்க, நானும் சந்தோசமாத்தான் தலையாட்டுனேன். மொதல்ல அவன் எங்கயும் போவல. ஒரு நாளு அந்தப் பொண்ணோட அம்மா பிரான்சுலேர்ந்து, ஒடம்பு முடியல வந்துடுன்னு கூப்டாங்க. பொண்ணு போச்சு. பின்னாடியே இவன் போனான். அவங்கள குத்தம் சொல்லல, பெத்தவ கூப்டத்தான் செய்வா. இவங்க அப்பா செத்தப்ப பெரியவன் போன்லதான் மொகத்தப் பாத்தான். எனக்கு இருக்கறது இது ஒண்ணு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பிரான்சுக்குப் போனப்ப ஒங்கம்மா இன்னா சொன்னாங்க?"

"எம் பொண்ணு செட்டில் ஆயிட்டான்னு ஊரு பூரா சொன்னாங்க."

"ஒங்ககிட்ட இன்னா சொன்னாங்க?"

என் அம்மா கடைசிவரை என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

இந்தப் பேச்சு முறிந்துவிட்டால் நல்லது என்று நான் விமானத்திலேயே நினைத்ததுண்டு. இதோ, முறிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும், கொஞ்ச நாள் அழுதுவிட்டு மகள் என்னோடு லீட்ஸுக்கு வந்துவிடுவாள். எலோடியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. வாசல் பக்கம் திரும்பி, நிலைப்படியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

"அக்கா, எம் பொண்ணு இங்கயேதான் இருப்பா" என்றேன். "பேப்பர் கீப்பர் ஒண்ணும் வேணாம். நான் அவள வந்துடுன்னு கூப்ட மாட்டேன். ஒடம்பு முடியலன்னாலும் கூப்ட மாட்டேன். பாக்கணும்னா நாங்கதான் வருவோம். இது எங்க வார்த்த."

கில்பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். செசிலி அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள், எல்லோரும் என்னிடம் வந்து, பொண்ணு செட்டில் ஆயிட்டா, இனி உனக்கென்ன என்றார்கள். மண்டபத்தின் சத்தம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல எனக்குக் கேட்டது.

7

வாக்கைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்தப் பேச்சின் பக்கமே போகாமல் இருப்பது. உன் ரூம் அப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உன்னை நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸ் அன்றுகூட, என்ன சமையல், வெயில் எப்படி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இன்று ஒன்பது மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். மொட்டை மாடியில் நிற்கிறாள், பின்னால் தண்ணீர்த் தொட்டியும் வெள்ளை வெயிலும். பனியைப் பார் என்று கைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். திரும்பக் கொண்டுவந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு? பிரவீன் ஏதாவது சொன்னாரா?"

"அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கறான்."

"அத்த ஏதாவது சொன்னாங்களா?"

"ச்சே. அவங்களப் போயி." மூக்கை உறிஞ்சினாள். "நீ ஏம்மா என்ன ஒரு வாட்டிகூட கூப்டல?"

"தெரியாதாடி ஒனக்கு? நீயும்தான அங்க நின்ன?"

"வார்த்த குடுத்த, தெரியும். ஆனா நெஜமாவே தோணவே இல்லியா ஒனக்கு? இவ்ளோ மாசத்துல வாய் தவறிக்கூட வர்லயே. வெயில் எப்டி, மழ எப்டின்னு கேக்கற. நான் இல்லாம ஒனக்கு நிம்மதியாத்தான் இருக்கு போல."

வந்துடு என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். கில்பேர் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே படியேறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. செசிலி அம்மாவின் கை நீண்டு போனை வாங்கியது. முகம் பாதிதான் தெரிந்தது, மீதி வானம்.

"சம்மந்தி, புள்ளயக் கூப்டுங்க."

"ஒங்ககிட்ட சொன்ன வார்த்த இருக்குதே, சம்மந்தி."

"வாங்கிக்கினவ நான்தான? நானே வுட்டுட்டேன். காலையிலேர்ந்து அழுவுது, ஒரு வாய் சாப்புடல. எங்க அம்மாவுக்கு நான் வேணாம்னுது. அதக் கேட்டுக்கினு நான் எப்டி இருக்கறது?"

"ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருக்குது. இல்லாம எப்டி?" என்றார். "லாரன்சுகிட்ட வாரா வாரம் வந்துடுடா, வந்துடுடான்னுதான் சொல்றேன். வர மாட்டான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு வாரம் தொண்ட கட்டிக்கிச்சி, சொல்லாம வுட்டுட்டேன். இன்னாம்மா கோவமான்னு கேட்டு மறுநாளே போன் பண்றான். வர்றதுக்கா கூப்டறோம், சம்மந்தி? கூப்டுங்க."

போன் கை மாறியது. எலோடியின் முகம் திரை முழுக்க வந்தது. கண்மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

"வந்துடு, எலோ" என்றேன். "வந்துடும்மா. ஒன் ரூம்பு அப்டியே இருக்கு. தெனமும் போய்ப் பாத்துட்டுத்தான் படுக்கறேன். நீ இல்லாம என்னால முடியலடி. இன்னிக்கே கெளம்பி வந்துடு."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"வர மாட்டேன், போம்மா" என்றாள். "அடுத்த வாரமும் கூப்புடு."